கொடி ஓடுது, காய் எங்கே? வீட்டுக் கொல்லையில் பரங்கி வளர்த்த கதை

எங்கள் வீட்டுப் பரங்கிக் கொடிக்கு நான் செலவழித்த பணத்துக்கு உழவர் சந்தையில் இரண்டு வருடத்துக்குக் காய் வாங்கியிருக்கலாம். விதை, உரம், மருந்து, பொறி, கம்பி வலை என்று கூட்டிப் பார்த்தால் ஐயாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. பணத்தை விடுங்கள். காலையில் எழுந்ததும் கொல்லைக்கு ஓடிப்போய், இன்றைக்காவது ஒரு பிஞ்சு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்புவது இருக்கிறதே, அதுதான் ஆளை உருக்கிவிட்டது. இத்தனைக்கும் இது ஆர்க்கிட் கிடையாது. குப்பைமேட்டில் தானாக முளைத்துக் கூரையில் ஏறிக் காய்க்கிற பரங்கி. "பரங்கி வரலைன்னா உங்க கை ராசி அவ்வளவுதான்" என்று ஒரு உறவுக்கார அக்கா சிரித்துக்கொண்டே சொன்னபோது நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

நாங்கள் இருப்பது திருச்சிக்கு வெளியே, புதிதாக வீடுகள் முளைத்த பகுதி. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. அம்மா வீடு லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அம்மா பரங்கி விதையை எருக்குழி ஓரம் எறிந்துவிட்டு மறந்துபோவார். மார்கழியில் பூ, தையில் காய். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நகரத்திலும் அப்படியே வரும் என்று நம்பினேன். அம்மாவின் கொடிக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று இப்போது யோசித்தால் புரிகிறது. வருடக்கணக்கில் மக்கிய சாணி, படர்வதற்கு வேலி முழுக்க இடம், ஆடி மழைக்கு முன்னே விழுந்த விதை, தோப்பிலிருந்து வரும் தேனீ. எனக்கோ மண்ணைத் தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும். தேனீயைக் கண்ணால் பார்த்தே பல மாதம். ஊரில் இலவசமாகக் கிடைத்த நான்கையும் நகரத்தில் நாமே செய்து கொடுக்க வேண்டும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

விதையிலிருந்தே தொடங்குகிறேன். இணையத்தில் பளபளப்பான படம் போட்ட கலப்பின விதைப் பொட்டலம் வாங்கினேன். பத்துப் பதினைந்து விதைக்கு ஒரு கிலோ அரிசி விலை. முளைத்தது நன்றாகத்தான் முளைத்தது. ஆனால் அது பெரிய காய் காய்க்கிற ரகம் என்பது பொட்டலத்தில் எங்கும் இல்லை. சின்ன இடத்துக்குச் சின்னக் காய் ரகம்தான் சரி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகத்தில் ஒரு காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோதான் வரும், 135 நாளில் முடிந்துவிடும். அதே பல்கலைக்கழகத்தின் கோ 1 காயோ ஏழெட்டுக் கிலோ, 175 நாள். ஏழு கிலோ பரங்கியை நாலு பேர் உள்ள வீட்டில் வெட்டினால் ஒரு வாரத்துக்குக் கூட்டு, சாம்பார், அல்வா என்று எல்லார் முகமும் மஞ்சளாகிவிடும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தனும் இரண்டு மூன்று கிலோ அளவில் வருகிற நல்ல ரகம். நன்கு முற்றிய நாட்டுப் பரங்கியைக் கடையில் வாங்கி, அதன் விதையைக் கழுவி நிழலில் காயவைத்துப் போட்டாலும் போதும். அதற்குச் செலவே இல்லை.

முளைத்த ஒரு வாரத்தில் முதல் அடி. விதையிலை இரண்டும் சல்லடை. இரவில் ஏதோ புழு தின்கிறது என்று டார்ச்சு அடித்துப் பார்த்தால் ஒன்றும் சிக்கவில்லை. ஒருநாள் விடிகாலை போய்ப் பார்த்தபோதுதான் ஆள் அகப்பட்டது. அரை விரல்கணு நீளத்தில், செம்மஞ்சள் நிறத்தில், பளபளவென்று ஒரு வண்டு. பகலில் கையை நீட்டினால் பறந்துவிடும். விடிகாலைக் குளிரில் மந்தமாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பூசணி வண்டு என்பார்கள். முட்டையை இது மண்ணில் இடும், புழு வேரைத் தின்னும். அதனால் செடியைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடுவதும், இளஞ்செடி மேல் சலித்த அடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தோடு தூவுவதும் இரண்டும் வேண்டும். நாலைந்து இலை வந்துவிட்டால் செடி தாங்கிக்கொள்ளும். அதுவரை ஒரு கொசுவலைத் துண்டைப் போட்டு மூடி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு குழியில் நாலைந்து விதை போட்டு, இரண்டு வாரம் கழித்து நல்ல இரண்டை மட்டும் விட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இந்த வண்டை மனத்தில் வைத்துத்தான்.

நான் முதலில் விதைத்தது மாசிக் கடைசி. விதை கொடுத்தவர்கள், "வருஷம் பூராவும் போடலாம் மேடம்" என்றார்கள். போடலாம்தான், கொடியும் ஓடும். சித்திரையில் எங்கள் கொல்லைச் சுவர் தெரியாத அளவுக்குக் கொடி. பூவோ பூ. தினம் காலையில் மஞ்சள் மஞ்சளாக விரியும், மதியம் சுருங்கும், மறுநாள் உதிரும். ஒன்றுகூடக் காயாகவில்லை. அப்போது நான் கவனிக்கத் தெரியாமல் விட்ட விஷயம், அத்தனையும் ஆண் பூ. பூவுக்கு அடியில் வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தால் அது ஆண். காம்புக்கும் இதழுக்கும் நடுவே கோலிக்குண்டு அளவில் குட்டிக் காய் இருந்தால் பெண். பரங்கிக் கொடி முதலில் சில நாள் ஆண் பூவை மட்டும்தான் விடும், அது எல்லாக் கொடிக்கும் வழக்கம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெயில் ஏற ஏற, பகல் நீள நீள, ஆண் பூ கூடிப் பெண் பூ குறைந்துகொண்டே போகும். திருச்சி வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது கொடியைக் குறை சொல்லி என்ன பயன்? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைப் பள்ளிக்கூடத்தில் பழமொழியாகப் படித்தேன். அது காலண்டர் என்பது இப்போதுதான் தெரிகிறது. பரங்கிக்கு ஆனி ஆடியில் ஒரு பட்டம், மார்கழி தையில் ஒரு பட்டம்.

இந்த நேரத்தில்தான் உரக்கடைக்குப் போனேன். பூ நிற்கவில்லை என்றதும் ஒரு டப்பா வளர்ச்சி ஊக்கி, ஒரு பொட்டலம் வெள்ளை உப்பு மாதிரி உரம், கூடவே ஒரு பாட்டில். ஆயிரத்துச் சொச்சம் பில். ஆண் பூவா பெண் பூவா என்று ஒரு கேள்வி அங்கே யாரும் கேட்கவில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடியதும் கொடிக்குக் கொண்டாட்டம், இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு. காய் மட்டும் இல்லை. பூக்கும் பருவத்தில் பரங்கிக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் அது இலையாகத்தான் திரும்பி வரும். அடியுரமாக ஒரு குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம், முளைத்து ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் மேலுரம், பூ வந்தபின் சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) வாழைத்தோல் கரைசலோ அடுப்புச் சாம்பலோ. வீட்டுக் கொல்லைக்கு இதற்கு மேல் தேவையில்லை. பெண் பூவைக் கூட்ட வயல்களில் எத்ரல் என்ற பயிர் ஊக்கி மருந்தைத் தெளிப்பார்கள், 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, செடி இரண்டு இலை விட்டதும் தொடங்கி வாரம் ஒருமுறை நான்கு முறை. ஒரு ஏக்கர் போடுகிறவருக்கு அது கணக்கு. ஒரு கொடிக்காக அந்த மருந்தை வீட்டில் வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டத்தில் விதைத்தால் பெண் பூ தானாக வரும்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. இலையில் நரம்பு பிரியும் இடங்களில் வெள்ளி மாதிரி வெண்திட்டுகள் இருந்தன. ஒரு இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வேறொரு கடையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "சாம்பல் நோய்ம்மா, விட்டா கொடி பூரா பரவிடும்" என்று நனையும் கந்தகத் தூள் கொடுத்தார்கள். அன்று மாலையே தெளித்தேன். இரண்டு நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, அப்பளம் பொரித்தது போல் ஆகிவிட்டது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இரண்டு விஷயம். ஒன்று, நம்மூர்ப் பரங்கியில் பல ரகங்களுக்கு இலையில் அந்த வெண்திட்டு பிறவியிலேயே உண்டு, அது நோயே இல்லை. இரண்டு, பூசணிக் குடும்பச் செடிகளுக்குக் கந்தகம் ஆகாது, அதிலும் கடும் வெயிலில் சுட்டுவிடும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இந்தக் கொடிகளுக்குப் போடாதீர்கள் என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலேயே இருக்கிறது. வித்தியாசம் கண்டுபிடிக்க மருந்துக்கடை வேண்டாம், ஆள்காட்டி விரல் போதும். திட்டைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால் நோய். ஒட்டாமல் இலைக்குள்ளேயே இருந்தால் அது இலையின் நிறம்.

அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்த அன்று சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் வெளியூர் வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, இதையெல்லாம் யாரிடம் போய்ப் புலம்புவது? "ஒரு கொடிக்காக அழுவுறியா" என்று கேட்பார்களே என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆடி பிறந்தபோது, சரி, கடைசியாக ஒருமுறை என்று மறுபடி தொடங்கினேன்.

இந்த முறை மண்ணில் நேரம் செலவழித்தேன். முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, செங்கல் சில்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, பாதிக்கு மேல் மக்கிய சாணி எரு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, மேலே நல்ல மண். குழிக்குக் குழி ஆறடி விட வேண்டும். கொல்லை சின்னது என்பதால் இரண்டே குழி. நாற்றுத் தட்டில் போட்டுப் பிடுங்கி நடுவது பரங்கிக்குப் பிடிக்காது, வேர் அசைந்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். நேராகக் குழியில் விதைப்பது உத்தமம், இல்லையென்றால் தேங்காய்ச் சிரட்டையிலோ காகிதக் கப்பிலோ போட்டு, மண் உடையாமல் இறக்க வேண்டும். கொடி தரையில் ஓடினால் கணுக்கள் மேல் ஒரு கை மண் அள்ளிப் போடுங்கள். அங்கேயும் வேர் விடும். அடித்தண்டில் ஏதாவது கோளாறு வந்தாலும் அந்த வேர் கொடியைக் காப்பாற்றும். அப்புறம் தண்ணீர். மதியம் இரண்டு மணிக்குப் பரங்கி இலை தொங்கிப்போய்த்தான் இருக்கும், அத்தனை பெரிய இலை வெயிலில் வேறு என்ன செய்யும்? அதைப் பார்த்துப் பதறி வாளியைத் தூக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், நிமிர்ந்திருந்தால் தண்ணீர் போதும். மாலையிலும் தொங்கினால்தான் தாகம். தினம் மூன்று வேளை ஊற்றி வேர் அழுகவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

புரட்டாசியில் பெண் பூ வந்தது. நிஜமாகவே கையைத் தட்டினேன். ஆனால் பிஞ்சு ஒவ்வொன்றும் நாலைந்து நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகி, வெம்பி, தொட்டால் கையோடு வந்தது. சத்துக் குறைவு என்று ஒருவர், கண்ணேறு என்று ஒருவர், சுண்ணாம்புச் சத்து இல்லை என்று இன்னொருவர். கண்ணேறுக்குச் செருப்புகூடக் கட்டிப் பார்த்தாயிற்று. விஷயம் ரொம்பச் சாதாரணம். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போகவில்லை. பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ சுமந்தால்தான் உண்டு. எங்கள் பகுதியில் சுற்றிலும் சிமெண்டுத் தரை, போதாததற்குக் கொசு மருந்துப் புகை. தேனீ எங்கிருந்து வரும்? இத்தனை மாதம் நான் உரமும் மருந்தும் என்று தேடித் திரிந்ததற்குப் பதில், காலையில் பத்து நிமிடம் தேனீ வேலையை நானே பார்த்திருந்தால் போதும்.

எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழுக் காரியமும் இதில்தான் இருக்கிறது. முதல்நாள் மாலையே கொடியைச் சுற்றி வந்து பாருங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி பச்சை மாறி மஞ்சள் ஏறியிருக்கும். பெண் மொட்டு எது, ஆண் மொட்டு எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இலைக்கடியில் மறைந்திருப்பதைக் காலை அவசரத்தில் தேட முடியாது. ராத்திரி மழை வரும்போல இருந்தால் பெண் மொட்டின் மேல் ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்து வையுங்கள், நனைந்த பூவில் மகரந்தம் வீணாகிவிடும். பூ விடியுமுன்னே விரிந்துவிடும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஒன்பது பத்துக்கெல்லாம் இதழ் சுருங்கத் தொடங்கிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் பிடிக்காது. அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்துவிட்டால் நடுவில் ஒரு மஞ்சள் குச்சி மட்டும் நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டும், ஒட்டினால்தான் அது உதவும். பெண் பூவுக்குள் எட்டிப் பார்த்தால் தடித்த மூன்று மடல்கள் கூடி நிற்பது தெரியும். மூன்று மடல் மேலும் அந்தக் குச்சியை மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். ஒரு மடலில் மட்டும் பட்டால் காய் ஒருபக்கம் சூம்பி வளரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ கிடைத்தால் இன்னும் உறுதி. பஞ்சு, தூரிகை எல்லாம் வேண்டாம், பாதிப் பொடி அதிலேயே தங்கிவிடும்.

பிடித்ததா இல்லையா என்பது மூன்று நான்கு நாளில் தெரிந்துவிடும். பிடித்தால் பிஞ்சு காம்பு தடித்து, தலை கவிழ்ந்து, பளபளப்பு ஏறும். எனக்கு முதல் பிஞ்சு எலுமிச்சை அளவு தாண்டிய அன்று தொலைபேசியில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகட்டும். ஒரு கொடியில் இரண்டு மூன்று காய் நின்றுவிட்டால் அதற்குப் பின் வரும் பிஞ்சுகளைக் கொடியே உதிர்த்துவிடும். அது நோய் இல்லை, தாங்கும் சக்தி அவ்வளவுதான். நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கிளை விடவைக்கும் '3ஜி' முறை சுரைக்காய்க்கு நன்றாகவே வேலை செய்கிறது. பரங்கியில் மூலக் கொடியிலேயே பெண் பூ வரும் என்பதால் பத்துப் பன்னிரண்டு அடி ஓடியபின் ஒருமுறை கிள்ளினால் போதும். தேனீயை வரவழைக்க வேண்டுமானால் பக்கத்தில் துளசியைப் பூக்க விடுங்கள். எங்கள் வீட்டில் துளசி பூத்த பிறகு கொசுத்தேனீ வந்து போகிறது.

பிஞ்சு பிடித்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்தபோது அடுத்தது. டென்னிஸ் பந்து அளவில் இருந்த காயின் தோலில் பிசின் மாதிரி ஒரு சொட்டு. மறுநாள் தொட்டால் அந்த இடம் மெத்தென்று அமுங்கியது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. பழ ஈ. பிஞ்சுத் தோலைக் குத்தி உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிசின் சொட்டைப் பார்த்துவிட்டால் அந்தக் காய்க்கு இனி வைத்தியம் இல்லை. பறித்து பாலித்தீன் பையில் இறுகக் கட்டி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டுவிட வேண்டும். எருக்குழியில் எறிந்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி ஈயாகத் திரும்பி வரும்.

பொறி வைக்கலாம் என்று இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வாங்கினேன். நானூறு ரூபாய்க்கு மேல். ஈ விழத்தான் விழுந்தது, காயோ தொடர்ந்து அழுகியது. கடையில் கொடுத்திருந்தது மாம்பழ ஈக்கான மீதைல் யூஜினால் வில்லை. பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் ஈ அதற்கு வராது, அதற்கு க்யூ லூர் என்ற வில்லை வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில் வருகின்றன, இரண்டையும் 'பழ ஈப் பொறி' என்றே விற்கிறார்கள். வாங்கும்போது பெயரைப் படித்து வாங்குங்கள். சரியான வில்லை வைத்தாலும் அது ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், முட்டையிடுவது பெண் ஈ. பெரிய தோட்டத்தில் பல பொறி வைத்தால் பலன் தெரியும். ஒரு கொல்லைக்கு ஒரே பொறி என்பது பாதிக் காவல். என் அனுபவத்தில் நம்பத் தகுந்தது உறை போடுவதுதான். கை மகரந்தம் வைத்த இரண்டாம் மூன்றாம் நாளே, பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பையைப் பிஞ்சுக்கு மாட்டி, காம்பில் தளர்வாகக் கட்டிவிடுவேன். காகித உறையும் சரி. பாலித்தீன் மட்டும் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். காய் தேங்காய் அளவு வந்து தோல் கெட்டிப்பட்டதும் பையைக் கழற்றிவிடலாம்.

மார்கழி பிறந்ததும் எதிர்பாராத இடத்திலிருந்து சேதம். கோலத்தில் சாணிப் பிள்ளையார் மேல் வைக்கப் பூசணிப்பூ வேண்டுமே. விடிகாலையில் எதிர்வீட்டு மாமி தன் கையாலேயே பறித்துக்கொண்டு போயிருக்கிறார், நல்ல பெரிய பூவாகப் பார்த்து, அடியில் உருண்டையாக ஒன்று இருக்கிற பூவாக. "கொட்டையோட இருந்தா சாணியில நல்லா நிக்குது கண்ணு" என்கிறார். என்ன சொல்வது! கோபிக்கவும் முடியாமல், கொல்லைக்கு அழைத்துப்போய் எது காய்க்கும் பூ, எது காய்க்காத பூ என்று காட்டினேன். கேட்கிறவர்களுக்கு நீங்களே ஆண் பூவைப் பறித்துக் கொடுத்துவிடுவது நல்லது, அன்றைய வேலைக்கு இரண்டு மூன்றை நிறுத்திக்கொண்டு. மிஞ்சும் ஆண் பூவைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜியும் போடலாம்.

அதே மார்கழிப் பனியில் நிஜமான சாம்பல் நோயும் வந்தது. இந்த முறை விரலில் மாவு ஒட்டியது. அடி இலைகளில் தொடங்கும், அந்த இலைகளை உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும். மீதிக்கு ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் வரும் நேரமாகப் பார்த்து இலையின் இருபுறமும் வாரம் இருமுறை தெளித்தேன். பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம், சுக்கினிச் (பூசணிக் குடும்பத்து வெளிநாட்டுக் காய்) செடிகளில் பால் தெளித்து இந்த நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டிய பிரேசில் ஆய்வு ஒன்று 1999-ல் வெளியாகியிருக்கிறது. நோய் முற்றியபின் பால் ஒன்றும் செய்யாது, முதல் திட்டு தெரிந்ததும் தொடங்க வேண்டும். தேமல் நோய் வேறு கதை. இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, சுருங்கி, நுனி குட்டையாக நின்றால் அது வைரஸ். வெள்ளை ஈயும் அசுவினியும் பரப்புவது. மருந்தே கிடையாது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துக் கொடியாவது பிழைக்கும்.

மொட்டைமாடியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வளர்க்கலாம், ஆனால் சின்னக் காய் ரகம், குறைந்தது இரண்டடி அகலப் பை, ஒரு பைக்கு ஒரே கொடி. சிமெண்டுத் தரைச் சூட்டில் கொடியின் நுனி வெந்துபோகும், கீழே தென்னங்கீற்று பரப்பி அதன் மேல் ஓடவிடுங்கள். பந்தலில் ஏற்றினால் காய் கனக்கும்போது பழைய புடவைத் துண்டால் தொட்டில் கட்டிவிட வேண்டும். நான் வாங்கிய விலை உயர்ந்த கம்பி வலை இப்போது கோழிக்கூண்டாக இருக்கிறது.

கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது விளையாட்டில்லை. பூசணி, சுரை, சுக்கினி எதுவானாலும் பச்சையாக ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள், கசப்புச் சத்து சமைத்தாலும் போகாது. 2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் ஊரில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்திருக்கிறார். நம் நாட்டிலும் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போயிருக்கிறது. அலங்காரப் பூசணியோடு கலந்து விளைந்த விதையில் இந்தக் கசப்பு திரும்ப வரலாம், அதனால் எங்கிருந்தோ வந்த விதை என்றால் ருசி பார்க்காமல் சமைப்பதில்லை.

அறுவடைக்கு அவசரம் வேண்டாம். பிஞ்சு பிடித்து ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். காம்பு பச்சை மாறித் தக்கை மாதிரி காய்ந்திருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழக்கூடாது. கையால் திருகாமல் கத்தியால், காம்பு இரண்டு மூன்று அங்குலம் காயோடு நிற்கும்படி அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. ஒரு வாரம் காற்றாட நிழலில் வைத்து, பிறகு சிமெண்டுத் தரையில் படாமல் பலகை மேலோ வைக்கோல் மேலோ ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினால் இரண்டு மூன்று மாதம் கெடாது. காம்பு ஒடிந்த காயையும் தோலில் கீறல் விழுந்ததையும் முதலில் சமைத்துவிடுங்கள், அவை காத்திருக்காது.